அஞ்சு பல்லு

இன்றைக்குப் பால்வெட்டு இல்லை, மழை.
சாய்ப்பில் புல்லட்டை நடுஸ்டாண்டில் ஏற்றி
அடியில் பழைய மீன்சட்டியை வைத்தேன்.
மூடியின் ஒற்றை நட்டைத் தளர்த்தியதும்
கறுத்த எண்ணெய் வந்தது, நின்று நின்று,
கடன் திருப்பித் தருகிறவன் நோட்டு எண்ணுவதுபோல.

முன்சக்கரப் பல்லை எண்ணினேன்.
முப்பது.
வில்பின் மாட்டியது. கல்யாணத்துக்கு முந்தின வருசம்
ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எதிரே
எண்பதில் போகவேண்டும் என்று.
போனானாம். காற்றாலைகள் சாட்சி.
இப்போது சலாலாவில் வேறொருவனின் லாரி ஓட்டுகிறான்.

ஆறுகாணி ஏற்றத்தில் காற்றாலை கிடையாது.
பக்கத்துக்கு ஒரு கேன் ரப்பர்பால்.
முதல் கியரிலேயே பாதி வளைவில் எஞ்சினுக்கு மூச்சுமுட்டும்.
கிளட்சை அரைகுறையாய்ப் பிடித்துக்கொண்டு
கருகல் வாசத்தோடு ஏறுவேன்.
போன புதன்கிழமை ஏறவில்லை.
பின்னோக்கி உருண்டோம்,
நானும் எண்பது கிலோ பாலும்.

மார்த்தாண்டத்தில் கடைக்காரன் கேட்டான்:
"ஆளு வரல்லியா?"
ஆளுதான் வந்திருக்கு என்றேன்.
இருபத்தைந்து பல். அவன் முன்னாலேயே எண்ணி வாங்கினேன்.

ரோட்டர் நட்டு அசையவில்லை.
டாப் கியரில் போட்டும் பின்சக்கரம் கூடவே சுற்றியது.
பிரேக் மிதியோ ஏற்கெனவே கழன்று தரையில்.
அஷ்மியைப் பின்னால் உட்காரவைத்து
பிரேக் கம்பியை இரண்டு கையாலும் இழுக்கச் சொன்னேன்.
ஏழு வயசு பலம்.
பானாவில் ஒரு குழாயைச் செருகி
அதன்மேல் நானே ஏறி நின்றபோது
டக்.
எலும்பு முறிகிற சத்தம். அவள் அழுதுவிட்டாள்.

இதற்குமேல் எளிது என்று சொன்னவர்கள்
கிளட்ச் கழற்றியவர்கள் இல்லை.
சங்கிலியும் இரண்டு சக்கரமும்
ஒன்றாய் வரணும், ஒன்றாய்ப் போகணும்,
ஒன்று முந்தினால் மற்றது கோணும்.
தொங்கிய சங்கிலிக்கு அடிப்பட்டையை உயர்த்தினேன்,
சுண்டுவிரல் அளவு ஆட்டம் விட்டு.

சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது
என் இரண்டு கையும் கிரீஸ்.
அஷ்மிதான் எடுத்தாள்:
"அப்பா, அம்மா வண்டிக்கு அஞ்சு பல்லு புடுங்கியாச்சு."

சலாலாவில் கொஞ்சநேரம் மின்விசிறி மட்டும் ஓடியது.

"அப்போ இனி எண்பது போவாதாட்டி?"
"போவும். கத்தும்."
"ஏத்தம்?"
"மழை விட்டா பாக்கணும்."
பிறகு, கொஞ்சம் தணிந்து,
எண்ணெய் எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டான்.

முப்பது பல் அலமாரியில் இருக்கிறது,
அவன் சட்டைகளோடு, காகிதத்தில் சுற்றி.
மீன்சட்டி இனி மீனுக்கு ஆகாது.