படிக்கட்டில் செவ்வந்தி

ஓல்ட்டனில், ரயில் பாதையை ஒட்டிய
நாலு மாடிக் கட்டடம் என் பொறுப்பு.
செவ்வாயும் வெள்ளியும், காலை ஆறுக்கு.
மேலிருந்து கீழாகக் கூட்டி வருவது முறை.

நவம்பர் இரண்டு ஒரு செவ்வாயாக வந்தது.
மூன்றாம் மாடி வாசலிலிருந்து தெருக்கதவு வரை
யாரோ செவ்வந்தி இதழ் தூவியிருந்தார்கள்,
பிணம் போன தெரு மாதிரி.
அப்படி நினைத்துக்கொண்டேதான்
எல்லாவற்றையும் முறத்தில் அள்ளினேன்.

கதவு திறந்தது. ஒப்துலியா.
புவெப்லாக்காரர், ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை.
முறத்தைப் பார்த்தார். திட்டவில்லை.
"இனி எவெரார்தோ எந்த மாடி என்று தேடுவார்?"
எங்கள் இருவரின் ஜெர்மனும்
ஆளுக்கொரு காலில்தான் நிற்கும்.
சேர்ந்து நின்றால் விழாது.

உள்ளே, மேசை மேல் அவர் இருந்தார்:
தொப்பியோடு ஒரு படம்,
கிளாஸில் தண்ணீர், சாசரில் உப்பு,
எள் தூவிய கறுத்த குழம்பில் கோழி,
ஒன்று குறைந்த சிகரெட் பெட்டி,
ரயிலின் அரைக்கட்டண அட்டை.
பிப்ரவரி வரை செல்லும்.

படையல் எனக்கும் தெரியும்.
எங்களில் காகம் வந்து தொட வேண்டும் என்றேன்,
வரும்வரை வீட்டில் ஒருவரும் சாப்பிடுவதில்லை.
"அவரே வரும்போது காகம் எதற்கு?"
முழங்கால் நோவு என்பாரே, லிஃப்டில் வரட்டுமே.
"பொத்தான் அழுந்தாது. இப்போது எடையே இல்லை"
என்று சிரித்தார். பிறகு
அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
உப்புச் சாசரைக் கொஞ்சம் நகர்த்தினார்.

முறத்தோடு படிக்குத் திரும்பினேன்.
தூசியை ஊதி, முடி பொறுக்கி,
ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தெறிந்து,
படிக்கு ஐந்து இதழ்.
திருப்பங்களில் கூட ஒரு பிடி:
முழங்கால் நின்று யோசிக்கிற இடம்.
முதல் மாடி ரூடின் அம்மா கதவிடுக்கில்,
"வீட்டு விதிகளில் இது இல்லை."
தெரியும் என்றேன்.

தெருக்கதவில் கடைசிப் பிடி.
என் தம்பிக்கு எந்தத் தெரு, எந்தக் கதவென்று
சொல்லிவைத்ததில்லை நான்.
முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் எனக்கு அங்கே வேலையில்லை. போனேன்.
"வந்தாரா?"
"தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருக்கிறது."
மேசைக்கு அடியில் ஹீட்டர், நாலில்.
அதைப் பற்றி நான் பேசவில்லை.

மேலிருந்து கீழாகத்தான் கூட்டுவது.
இறங்குகிறவர் காலில் விளக்குமாறு படக்கூடாது.
மெதுவாகத்தான் இறங்குவார்.
ஒன்பது மணி வரை படியில் இருந்துவிட்டுத்
தொடங்கினேன்.