வீட்டில் வேறு யாருக்காவது

கல்மண்டபம் பரிசோதனைக் கூடத்தில்
காலை ஆறரைக்கே டோக்கன் பதினொன்று.
ரத்தம் எடுத்த பெண் ஒரு தாளை நீட்டினாள்:
"வீட்ல வேற யாருக்காச்சும் தைராய்டு இருக்கா?"
இல்லை என்று எழுதினேன்.
பேனாவை மூடப் போன கை நின்றது.

அம்மா.
காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரத்துக்கு விலை ஏற்றிய குரல்
நாற்பது வயசில் தகரமாய்க் கரகரத்தது.
கத்திக் கத்தித் தொண்டை போச்சு என்றார்கள்.
கத்திரி வெயிலில்
அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாள்,
ஐஸ் பெட்டி ஓரம் நிற்க மாட்டாள்.
கிறுக்கு என்றார்கள்.
வாரினால் கைநிறைய வரும் முடியைச் சுருட்டி
ஜன்னல் கம்பியில் செருகி வைப்பாள்,
முடிக்காரன் வந்தால் ஊசிக்கும் பின்னுக்கும்.
ஞாயிறு பூசையில் உட்கார்ந்தபடியே தூங்குவாள்.
மந்தம்.
இது அப்பா சொன்னது.

அமலோற்பவம் சித்திக்கு
விரல் நுனியில் தொடங்கிய வெள்ளை
முழங்கை வரை ஏறியது.
கல்யாண வீடுகளில்
பந்தி பரிமாற அவளை விட்டதில்லை.

டெல்பின் அக்காவுக்கு மூன்று முறை கலைந்தது.
நண்டு தின்றாள், பரண் ஏறினாள்,
கடைசித் தடவைக்குக் காரணம் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் தாளில் டி.எஸ்.எச். முப்பத்தெட்டு.
டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம்
கழுத்துக்குள் இருப்பதை வரைந்து காட்டினார்.
பட்டாம்பூச்சி மாதிரி என்றார்.
எனக்கு அது ஓடு பிரித்த நண்டு.
உடம்பு சிலசமயம் தன் ஆளையே
திருடன் என்று போட்டு அடிக்குமாம்.
உங்கள் சித்தியின் தோலிலும் அதே அடிதடியாக இருக்கலாம்.
பெண்களுக்கு அதிகம்.
ரத்த உறவில் இருந்தால் இன்னும் கொஞ்சம்.
வரும் என்றில்லை, வரலாம்.

அம்மாவின் காசுமாலை
தங்கசாலை அடகுக் கடையில் மூழ்கிப்போனது.
வீடு மாமன் பேரில்.
சண்டையில்லாமல் எங்களுக்கு வந்து சேர்ந்தது
இது ஒன்றுதான் போல.

எண்ணூருக்குப் போன் போட்டேன்.
கண்டெய்னர் லாரி இரைச்சலுக்கு நடுவே அக்கா,
"எனக்கு இன்னாடி, நல்லாத்தான் கீறேன்.
கொஞ்சம் அசதி."
எத்தனை நாளா?
லாரிகள் போய் முடியும்வரை பேசவில்லை.
"சின்னவ பொறந்ததுலேர்ந்து."
சின்னவளுக்கு இப்போது ஒன்பது வயசு.

காலை ஐந்தரைக்கு மாத்திரை.
அப்புறம் அரை மணி நேரம்
டீத்தூள் டப்பாவைப் பார்த்தபடி நிற்கிறேன்.
தண்ணீர் லாரி வருகிறது, குடங்கள் உருள்கின்றன.
என் கால்கள் இன்னும் என் சொல் கேட்கவில்லை.
ஆறு வாரம் பொறு என்றிருக்கிறார்.

ஏழரைக்கு ஜெனிஃபாவுக்குச் சடை பின்னுகிறேன்.
பள்ளிக்கூட வேன் இரண்டு முறை அலறியாயிற்று.
சீப்பை வெளிச்சத்துக்குத் தூக்கி
ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"இன்னாமா பாக்குற?"

"பேனு" என்றேன்.