வாங்க மறுத்த டப்பா

ஜவுளிக்கடைப் பைக்குள் ஒரு பை, அதற்குள் இன்னொன்று,
அதற்குள் சிவப்பு மூடி டப்பா.
மினிபஸ் கண்டக்டர். விரலிடுக்கில்
மடித்த பத்து ரூபாய்த் தாள்கள் இன்னும் இருந்தன.
"அம்மாவோடது" என்றான்
யார் காதிலும் விழாமல்.

ஒச்சம்மாள், 61, பெண், செக்கானூரணி.

சாய்த்துப் பார்த்தேன்.
டப்பாவின் வடிவத்தையே அது எடுத்துக்கொண்டது.
அப்படி இருந்தால்தான் வாங்குவோம்.

படிவத்தில்
இதற்குமுன் தின்ற மாத்திரைக்குக் கட்டமில்லை.
நானாகக் கேட்டேன்.

காலில் சீமைக்கருவேல முள். சீழ்.
மெடிக்கலில் கொடுத்த கேப்சூல் ஐந்து நாள்,
ஆறலையே என்று வேறு நிறத்தில் ஐந்து நாள்,
பிறகு ஊசி.
புண் ஆறியது.
அடுத்த வாரம் வயிறு பிடுங்கிக்கொண்டது,
ஒரு நாளைக்குப் பதினாலு தரம்.

"கிடாவெட்டுக் கறி சேரலைன்னு நெனச்சோம்.
நிப்பாட்ட மாத்திரை கொடுத்தோம்,
வயிறு கல்லாட்டம் உப்பிருச்சு.
மருந்தாலயே வருமாக்கா?"

கண்மாய்க்குள் ஒரு புல் விடாமல் கொளுத்தினால்
அடுத்த மழைக்கு எது முதலில் முளைக்கும்?
செக்கானூரணிக்காரனுக்கு
நான் சொல்லித்தர வேண்டியதில்லை.
காலில் குத்தியதும் அதுதானே.

பட்டையில் இரண்டாவது கோடு எழுந்தது.
வேறொரு பட்டையில் இதே கோட்டுக்கு
ஆட்கள் மைசூர்பாகு வாங்கிவருவார்கள்.

டாக்டர் பழையதையெல்லாம் நிறுத்தினார்.
எழுதியது ஊசிப் புட்டி, ஆனால் குத்த அல்ல:
கரைத்துக் குடிக்க, நாலு வேளை, பத்து நாள்.
நரம்பில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராதாம்.
அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

சுவரில் தொங்கும் ஜெல் அந்த வித்தைக் கொல்லாது என்றேன்.
சோப்பு, ஓடுகிற தண்ணீர்.
கக்கூஸுக்கு பிளீச்சிங்.
அவன் தன் கைகளைப் பார்த்தான்,
உசிலம்பட்டிவரை எத்தனை பேருக்குச்
சில்லறை கொடுத்த கைகள்.
குழாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

இருபது நாள் கழித்து வந்தான். அதே மூன்று பை.
"டாக்டர் கேக்கல. நானாத்தான்.
போயிருச்சான்னு ஒரு தடவ பாத்துருங்கக்கா."

சாய்த்தேன். அசையவில்லை.
"இதை வாங்கமாட்டேன்."
"காசு கட்டிட்டனே."
"கெட்டியா இருந்தா நாங்க வாங்கறதில்ல, தம்பி.
மறுபடி எளகுனா அன்னைக்கே வாங்க.
ரெண்டு மாசம் கவனமா இருக்கணும்.
முள்ளு குத்துனாலும் இங்க வந்து கேட்டுட்டு
அப்புறம் மாத்திரை."

திட்டுகிறேனா என்று தெரியாமல் நின்றான்.
பிறகு, இதை எங்கே போடுவது என்று
கூட்டத்துக்கே கேட்கும்படி கேட்டான்.

மஞ்சள் வாளியைக் காட்டினேன்.
அன்று குழாயில் தண்ணீர் இருந்தது.
பஸ்ஸுக்கு நேரமாகியும்
கழுவிக்கொண்டே இருந்தான்.