பாட்டு எப்போ ஆரம்பிக்கும்

அஸ்தம்பட்டி பேக்கரியில் மூன்றே முக்காலுக்கு
ரொட்டித் தட்டுகளை ஏற்றி
ஆம்னியின் சாவியைத் திருப்பினால்
வண்டிக்கு முன்னால் பாட்டு கிளம்பிவிடும்.

முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போனது.
பிளேயருக்குள் சிக்கிய சிடி.
ஐந்து ரோட்டு மெக்கானிக் அல்தாஃப்
இடுக்கியை விட்டுப் பார்த்தான், கத்தி முனையை விட்டுப் பார்த்தான்,
'உள்ளேயே குடித்தனம் வெச்சிருச்சுங்க்கா' என்று
முன்னூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.
அட்டை இல்லை. பெயர் இல்லை.
பச்சை எண்கள் மட்டும்: 01, 02, 03.
இஞ்சினை நிறுத்தினால் எல்லாம் மறந்து
மறுபடி 01.

முதல் மாதம் எரிச்சல்தான்.
டும் டும் டும் டும் என்று ஒரே இடைவெளியில்
பஞ்சு மூட்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிறார்கள்.
அதன்மேல் ஒரு பியானோ.
வேலைக்கு வந்துவிட்டு வேலை தொடங்காதவன் மாதிரி
இங்கே ஒரு கட்டை, அங்கே ஒரு கட்டை தொட்டுவிட்டு
ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்ளும்.
05இல் ஒரு பெண்.
ஒரே சொல். அதுவும் முழுசாக இல்லை.
'ஸ்டே' என்கிறாளா, 'சே' என்கிறாளா
ஏழு மாதமாகப் பிடிபடவில்லை.

தட்டுகளுக்கும் கதவுக்கும் நடுவே
முழங்காலை மடித்து உட்காரும் இன்னாசி
தினமும் ஒருமுறை கேட்பான்:
'அக்கா, இதுல பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?'
கோரிமேடு தாண்டுவதற்குள் தூங்கிவிடுவான்.

அடிவாரம் செக்போஸ்ட்டில் 03.
கொண்டை ஊசி ஒன்று. இரண்டு.
இங்கேதான் எனக்கும் அதற்கும் ராசியானது.
இரண்டாவது கியரில் முக்கி ஏறும் வண்டிக்கு
அவசரப்படாத ஒன்று தேவைப்படுகிறது.
ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது பாஸ் குழிக்குள் இறங்கும்,
நிமிர்த்தும்போது
தட்டுவடையை முன்பல்லால் கடித்த மாதிரி
ஒரு சின்னச் சத்தம்
வந்து சேர்ந்துகொள்ளும்.
கீழே சேலம்,
கொலுசுப் பட்டறையில் கொட்டிவிட்டுப்
பொறுக்காமல் போன முத்துகள்.

முதல் ஹோட்டல் வாசலில்
தினமும் 09 பாதியில் செத்துப்போகும்.
அதற்கப்பால் என்ன இருக்கிறதென்று
நான் யோசித்ததே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள், பதினெட்டாம் வளைவு.
பனிமூட்டத்துக்குள் ஒரு பாறை,
நேற்று இல்லாத பாறை.
நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.
காட்டெருமை.

விளக்கைத் தணித்தேன். ஹாரனைத் தொடவில்லை.
சாவியைப் பாதி மட்டும் திருப்பினேன்.
இஞ்சின் அடங்கியது, 09 அடங்கவில்லை.
நாலு நிமிஷம் அதே டும் டும்.
அது அசைபோட்டது,
தாளத்துக்கு இல்லை, தன் வாய்க்கு.

பிறகு அடி நின்றது. எல்லாம் நின்றது.
சிடியில் கீறல் என்றுதான் நினைத்தேன்.

டிரம்பெட்.
வாயில் துணி அடைத்த டிரம்பெட்.
இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வீடு வந்தவன்
தூங்குபவர்களை எழுப்பாமல்
இருட்டில் நாற்காலிகளைத் தொட்டுத் தொட்டு
அறையைக் கண்டுபிடிக்கிற மாதிரி.
வழியில் ஒன்றில் இடித்துக்கொள்ளவும் செய்தது.
அந்த இடத்தில் எனக்குத் தொண்டை வலித்தது,
ஏனென்று தெரியாது.

பின்னால் ரொட்டித் தட்டில் விரல் சத்தம்.
இன்னாசி விழித்திருக்கிறான்.
அடி திரும்ப வந்ததும் அதோடு சேராமல்
அரை மூச்சு தள்ளித் தட்டுகிறான்,
அங்கேதான் காலியிடம் இருந்தது என்பதுபோல.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தால் நிறுத்திவிடுவான்.

10 வந்தது.
11இன் நடுவில் பாறை நகர்ந்து
காபிச் செடிகளுக்குள் போனது.
சாலை காலி.
யாரும் சாவியைத் தொடவில்லை.

மொத்தம் பதினான்கு.
பதினான்காவதில் வெறும் மழை,
எந்த ஊர் மழையோ, தகரத்தின்மேல்.

ஹோட்டல் மேனேஜர் துரைக்கண்ணு
வாட்சைத் தட்டிக் காட்டினார்.
'வழியில மாடுங்க' என்றேன்.
'அரை மணி நேரமாவா?'

இன்னாசி தட்டை இறக்கிக்கொண்டே சொன்னான்:
'ரொம்பப் பெரிய மாடுங்க சார்.'