ம் கொட்டுகிறவன்

ஆரப்பாளையம் நிலையத்தில்
பத்தொன்பது வருஷம்
நான் சொன்னது ஒரே பெயர்.
தேனி தேனி தேனி தேனி.
சொல்லச் சொல்ல
அதில் ஊர் இல்லாமல் போகும்,
மலை இல்லாமல் போகும்,
தே போய், னி போய்
ஏதோ ஓர் இழுவை மட்டும்
வண்டி நிறைகிற வரை.

கோடை விடுமுறைக் கூட்டத்தில் ஒருநாள்
வாய் திறந்தேன்.
காற்று வந்தது.
பெயர் வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மூக்கு வழியே குழாய் விட்டு
என் தொண்டையை எனக்கே திரையில் காட்டினார்கள்.
ஈரமாய் இரண்டு வெள்ளை நாடா.
எதிரும் புதிருமாய்
கம்பு மணி அளவில் இரண்டு காய்ப்பு.
கொத்தனார் உள்ளங்கையில் இருக்குமே, அது.

மூன்று வாரம் பேசக்கூடாது.
கிசுகிசுக்கவும் கூடாது.
வீட்டில் நாகரத்தினம்
பத்து வருஷச் சண்டையை
மறுபேச்சில்லாமல் ஜெயித்தாள்.
இரண்டாம் நாளே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் பயிற்சி.
பியூலா என்று ஒரு பெண்,
என்னைவிட இருபது வயது இளையவள்.
மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீர், ஓர் உறிஞ்சுகுழல்.
"வாயத் திறந்து அ. கத்தாதீங்கண்ணே,
பஸ்ஸுக்கு ஆள் சேக்கல நாம.
அப்படியே குவிச்சு உ,
குழல் வழியா, தண்ணி கொதிக்கிற மாதிரி.
இப்ப உதட்ட மூடி ம்.
மூக்குத்தண்டு கூசணும். கூசுதா?"

கூசியது.
மூக்குத்தண்டு, மேலண்ணம்,
பின்மண்டையில் சுழி இருக்கிற இடம் வரை.

நோட்டில் எழுதிக் காட்டினேன்:
இது கோயில்ல சொல்றதுதானே?
கழுத்துச் சிலுவையைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டு
படித்துச் சிரித்தாள்.
"எங்க பாடத்துல இதுக்கு வேற பேரு.
காலையில இருபது, ராத்திரி இருபது."

எங்கள் தெருவில் யாருக்கும் யாரும்
காதில் எதுவும் ஓதியதில்லை.
ஓத ஆள் வேண்டும், நாள் வேண்டும்,
வாங்கிக்கொள்ளத் தகுந்த காது வேண்டும்.
எங்கள் காது அந்தக் கணக்கில் வரவில்லை.
எனக்குக் கிடைத்தது
ஓ.பி. சீட்டின் பின்பக்கம், நீல மையில்.

விடிகாலை நாலரைக்கு
வைகைத் தரைப்பாலத்தில் நின்று செய்தேன்.
கீழே ஆகாயத்தாமரை, முழங்கால் அளவு சாக்கடை,
யாரையும் லட்சியம் பண்ணாத ஓர் எருமை.
அ, அடிவயிற்றிலிருந்து கிளம்பி
உ, உதட்டோரம் குவிந்து
ம், தேய்ந்து தேய்ந்து
எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாத இடத்தில்
முடிந்தது.
அங்கே ஓர் இடைவெளி.
முதல் சில நாள் அதில் மூச்சு வாங்கினேன்.
ஆறாம் நாளோ ஏழாம் நாளோ
மூச்சு தன்னைக் கேட்கவில்லை.
வண்டி வராத நடைமேடையில் நிற்பதுபோல்
அதில் நின்றேன்.
எந்த ஊரையும் கூவவில்லை.

ஒளி எதுவும் தெரியவில்லை.
கொசு கடித்தது.
அந்த இடைவெளிக்கு என்ன பேர் என்று
பியூலாவிடம் எழுதிக் கேட்டேன்.
"அது ரெஸ்ட்" என்றாள்.

வேலைக்குத் திரும்பினால்
முதலாளி ஒலிபெருக்கி வாங்கியிருந்தார்.
பதிவு செய்த பெண் குரல்.
தேனியைப் பிசிறில்லாமல் சொல்கிறது, நிறுத்தாமல்.
அதற்குத் தொண்டை காய்க்காது.
என்னைச் சீட்டுக் கிழிக்க வைத்தார்கள்.

நின்றபடி ஓடும் என்ஜின்கள் எல்லாம்
உதடு மூடித்தான் இருக்கின்றன.
பத்தொன்பது வருஷம் அதன்மேல்தான்
நின்று கத்தியிருக்கிறேன்.
கம்பம் வண்டி கொஞ்சம் கட்டை.
போடி வண்டிக்கு மூக்கடைப்பு.

நேற்று ஒருத்தி,
இடுப்பில் பிள்ளை, கக்கத்தில் சுருட்டிய பாய்,
ஒலிபெருக்கிக்கு நேர்கீழே நின்றிருந்தவள்
அதை நம்பாமல் என்னிடம் வந்தாள்.
"அண்ணே, தேனி வண்டிதானே?"

வாயைத் திறக்கவில்லை.

ம்.

ஏறிக்கொண்டாள்.