மாதிரி

வாலிநோக்கம் உப்பளத்துக்கு வடக்கே
இரண்டு பனைகளுக்கு நடுவே வலை கட்டியிருந்தோம்.
கச்சான் எழும்பி வலை உப்பினால்
வௌவால் கண்டுகொள்ளும் என்றார் ஜெசிந்தா.
அன்றைக்குக் காற்று வரவில்லை.
கொசு வந்தது.

இரண்டே காலுக்கு முதலாவது விழுந்தது.
கைக்கு இரண்டு உறை, முகமூடி, அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு.
உள்ளே என் மூச்சே எனக்குப் புழுக்கம்.
துணிப்பையில் போட்டு எடை பார்த்தேன். ஐம்பத்திரண்டு கிராம்.
தொண்டையில் ஒரு பஞ்சுக்குச்சி, பின்புறம் ஒன்று,
சிறகு நரம்பில் ஊசிமுனையால் இரண்டு துளி.
விரலிடுக்கில் அதன் நெஞ்சு
தையல் மிஷினாக ஓடியது.
அடுத்தது பெண். மார்போடு ஒட்டிய குட்டி.
ஊசி வேண்டாம் என்றார் ஜெசிந்தா.
படிவத்தில் குட்டிக்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.

விடுவதற்கு முன் குளுக்கோஸ் தண்ணீர் சொட்டினோம்.
"பதநியில ஊறுன வாய்க்கு குளுக்கோஸா?"
டார்ச் வெளிச்சத்துக்கு அப்பால் கோட்டைச்சாமி சிரித்தார்.
மரங்கள் அவர் பாட்டத்துக்கு எடுத்தவை.
எந்தப் பாளையில் எத்தனை பல்தடம் என்பது
எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

நோய் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை,
இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தோம் என்றேன்.
"வெளங்குது. சந்தையில பதநி வாங்குறவனுக்கு
அந்த 'தா' வெளங்குமா?"
கொண்டுபோன துண்டறிக்கையில் இதற்குப் பதில் இல்லை.
கலயத்துக்கு ஓலைமூடி போடலாமே என்றேன்.
முப்பத்தெட்டு மரம், மரத்துக்கு நாலு கலயம்,
எனக்கு எத்தனை கை என்று கேட்டார்.

கிழக்கு வெளுத்தது. உப்புப் பாத்திகள்
ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.
ஏறப் போனவர் திரும்பி வந்து
கையை நீட்டினார்.
"அதுகிட்ட எடுத்தீகள்ல, எங்கிட்டயும் எடுங்க.
ரெண்டு பேரும் ஒரே கலயந்தான."
ஒப்புதல் தாளை இரண்டு முறை வாசித்துக்
கையெழுத்துப் போட்டார்.
மரம் தேய்த்த முழங்கையில்
நரம்பு அகப்பட நேரமாயிற்று.
மனிதருக்கு வேறு எண்வரிசை,
வேறு நிறத்தில் மூடி.
ஐஸ் பெட்டி ஒன்றுதான் இருந்தது.

ஜீப் சாயல்குடியிலேயே படுத்துவிட்டது.
மூன்று உறையிட்டு அடைத்த பெட்டியை
மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.
ஏர்வாடி தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.
"மீனா? லக்கேஜ் போடணும்."
இல்லை.
"இறாலா?"
மாதிரி, என்றேன்.
"எது மாதிரி?"
யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவர் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.