இருபத்து மூன்றும் நீலம்

சுண்ணாம்புக் கரட்டைத் தொட்டுத்தான்
எங்கள் போர்த் தண்ணீர் மேலே வருகிறது.
குண்டானில் வெள்ளைப் பொருக்குக் கட்டும்.
பருப்பு வேகாது. தலைமுடி சிக்காகும்.
மலாவி ஏரி மீனுக்கு மட்டும்
பிறந்த வீடு.
"உப்பு, மருந்து எதுவும் வேண்டாங்கக்கா,
உங்க குழாயே போதும்"
என்று சொல்லித்தான் விற்றார்
ஐந்து ரோட்டு மீன்கடை தவ்லத் பாய்.

மூன்றடித் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்.
தாய் கென்யி இருபத்தோரு நாள்
வாய்க்குள் குஞ்சுகளை வைத்துக்கொண்டு
ஒரு துணுக்குத் தீனி தொடவில்லை.
தாடை புடைத்து, வயிறு உள்வாங்கி,
கல் இடுக்கில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.
ஒரு வியாழன் இரவு, ரசம் நுரைகட்டும்போது,
துப்பினாள்.
தனித் தொட்டிக்கு மாற்றுகையில்
இரண்டு தடவை எண்ணினேன். இருபத்து மூன்று.
இருபத்து மூன்றும் நீலம்.
அதே நீலம், அதே கறுப்புப் பட்டை,
ஜெராக்ஸ் கடையில் எடுத்தது மாதிரி.

இந்த வகையில் ஆண் வளர்ந்தால் மஞ்சளாவான்.
பெண் பிறந்த நிறத்திலேயே இருந்துவிடுவாள்.
அதுவரைக்கும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாலும்
நமக்குக் கிடைப்பது நம் மூச்சின் ஆவிதான்.

நாலாம் மாசம் பாய் வந்தார்,
வண்டியில் ஆக்சிஜன் கவர் கட்டுக்கட்டாய்.
"பொட்டையா எட்டு பொறுக்கித் தாங்கக்கா.
ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா கொன்னு போட்டுரும்.
நீங்க ஸ்கேன்ல இருக்கறவங்க,
உங்க கண்ணுக்குத் தெரியாததா?"

பெண்தான் வேண்டுமென்று
ஒருவர் என்னிடம் வந்து நின்றது
அதுதான் முதல் தடவை.

அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் அறைச் சுவரில்
சிவப்பெழுத்துப் பலகை இருக்கிறது:
சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.
பதினோரு வருஷமாய் அதன் கீழே நின்று
வயிற்றில் ஜெல் ஊற்றுகிறேன், துடைக்கிறேன்.
டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.
நான் நிற்கிற இடத்திலிருந்து தெரியும்.
வாசலில் பிடித்துக்கொள்வார்கள்.
"மல்லிப்பூ வாங்கட்டுமா, சாமந்தி வாங்கட்டுமா,
அதை மட்டும் சொல்லு கண்ணு" என்று
ஓமலூர்க்காரம்மா ஒருத்தி
ஐநூறு ரூபாயை எட்டாய் மடித்து
என் உள்ளங்கையில் அழுத்தினாள்.
திருப்பிக் கொடுக்கையில் என் முகத்தையே பார்த்தாள்.
அந்த முகத்தில் எதுவும் வராமலிருக்க
முதல் வருஷம் முழுக்க
பஸ் ஜன்னலில் பார்த்துப் பழகியிருந்தேன்.

மீனுக்கு அந்தச் சட்டம் கிடையாது.
கொலுசுப் பட்டறைக் கொழுந்தனாரிடம் லென்ஸ் வாங்கி
ஈரத் துணியில் ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன்.
வயிற்றடியில் இரண்டு புள்ளி.
இரண்டும் ஒரே அளவென்றால் ஆண்,
பின்னது பெரிதென்றால் பெண்.
விரல் நீளங்கூட இல்லாத உடம்பில்
கடுகில் பாதியை எது பெரிதென்று சொல்ல?
அடித்துடுப்பில் முட்டைப் பொட்டு இருந்தால் ஆண் என்பார்கள்;
தாய்க்கே ஒன்று இருந்தது.
வாயைத் திறந்து திறந்து மூடின எல்லாம்.
எட்டைக் கவரில் போட்டேன்.
"சத்தியம் பண்ண மாட்டேன் பாய்" என்றேன்.

ஆடியில் போன் வந்தது.
கடையில் இருந்த பெரிய மஞ்சள் ஆண்
கரண்ட் போன இரவில் மூடி இடுக்கில் துள்ளி விழுந்து
காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்ததாம்.
பத்தே நாள். என் எட்டில் ஒன்று
பட்டை மங்கி, வயிறு வெளுத்து,
எலுமிச்சையாகி, பிறகு முழு மஞ்சள்.
"ஏமாத்திட்டீங்களேக்கா" என்று சிரித்தார்.
"நான் இல்லைங்க, அதுதான்" என்றேன்.
போனை வைத்த பிறகு
அதுவும் சரியில்லை என்று பட்டது.
பெரியவன் சுற்றிவருகிற தொட்டியில்
மஞ்சளைக் காட்டினால் செதில் மிஞ்சாது.
நீலத்தில் இருந்தது. தின்றது. உயிரோடிருந்தது.
அதற்குப் பெயர் ஏமாற்றா?
மீதிப் பதினைந்தையும் அன்றைக்கு வெகுநேரம் பார்த்தேன்.
ஒன்றுக்கு முதுகுத் துடுப்பின் ஓரத்தில்
மஞ்சள் மாதிரி ஒரு கோடு.
டியூப்லைட்டாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை மூன்றாவது டோக்கன்,
வாழப்பாடிப் பெண், இருபது வயதிருக்கும்.
துணைக்கு வந்தவர்களை டாக்டர் வெளியே நிறுத்தியிருந்தார்.
ஜெல் சில்லென்று பட்டதும் வயிற்றைச் சுருக்கினாள்.
திரை அவளுக்குத் தெரியாது.
கூரையையும் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்.
"சொல்லிராதீங்கக்கா" என்றாள்,
உதடு மட்டும் அசைய, "அவங்ககிட்ட."
டிஷ்யூவை எடுத்துக் கையில் கொடுத்தேன்.
முகத்தை நீலமாகவே வைத்திருந்தேன்.